நிகாஹ் ஏடும் ஊர் இசைவும்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழகத்தின் முஸ்லிம் சிற்றூர்களில் நிகாஹ் நடைபெறும்போது இரண்டு இடங்களில் எழுத்து முன்வந்து நிற்கிறது. மணமகன் வேறு மஹல்லாவைச் சேர்ந்தவராயின், அவருடைய ஜமாஅத்திலிருந்து ஓர் இசைவுக் கடிதம் முன்கூட்டியே வந்து சேர வேண்டும். ஈஜாப், கபூல் நிறைவேறிய பின்னர்ப் பள்ளிவாசலின் நிகாஹ் தப்தர் விரிக்கப்படும். மணமகன், வலீ, சாட்சிகள், நிகாஹ் நடத்திய ஆலிம் ஆகியோர் அதில் கையொப்பமிடுவர். முன்னது அனுமதி, பின்னது பதிவு. ஊர் மக்களோ இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகின்றனர். அவையின்றி நிகாஹே இல்லை என்று கருதுவோரும் உளர்.

இவ்விரண்டும் எப்பொழுது, எதன்பொருட்டு நம்மிடையே வந்தன? ஷரீஅத்தில் இவற்றின் தகுதி யாது? இரண்டையும் ஒரே கையில் வைத்திருப்பது நன்மையா, தீமையா? இவை ஆய்வறிஞர்களுக்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. ஒரு பெண்ணின் மஹரும், ஒரு பிள்ளையின் வாரிசுரிமையும், ஒரு விதவையின் மானமும் இவற்றுக்கான விடையைச் சார்ந்து நிற்கின்றன. ஆகவே வரலாற்றின் வழியே இதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

ஷரீஅத் வகுத்த உறுப்புகள்

ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்கள் நிகாஹின் ருக்னுகளை ஐந்தாக எண்ணுகின்றன. மணமகன், மணமகள், வலீ, இரு சாட்சிகள், ஈஜாப்–கபூல் சொற்கள் என்பனவே அவை. ஹனஃபீ மத்ஹபில் ஈஜாபும் கபூலுமே ருக்னு, சாட்சியம் ஷர்த்து. வயது வந்த பெண்ணின் நிகாஹில் வலீ பெறும் இடம் பற்றி இரு மத்ஹபுகளுக்கும் இடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் எந்த மத்ஹபின் பட்டியலிலும் எழுத்து ஒரு ருக்னாக இடம்பெறவில்லை. ஊரின் இசைவோ ஆட்சியாளரின் அனுமதியோ இடம்பெறவில்லை. வலீ இல்லாத பெண்ணுக்கு ஆட்சியாளர் வலீயாவார் என்னும் ஹதீஸின் வழியே அரசும் காஜியும் நிகாஹினுள் நுழைகின்றனர். அங்கும் அவர்கள் அந்தப் பெண்ணின் காப்பாளர் என்ற தகுதியிலேயே நிற்கின்றனர்.

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் திருமணச் செய்தி இதற்குத் தக்க சான்று. அவருடைய மேனியில் நறுமணப் பொருளின் மஞ்சள் தடத்தைக் கண்ட பின்னரே அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதுபற்றி வினவினார்கள். ஒரு பேரீச்சங்கொட்டை எடைப் பொன்னை மஹராக அளித்து அன்ஸாரிப் பெண் ஒருவரை மணந்துகொண்டதாக அவர் கூறினார். பெருமானார் (ஸல்) அவர்கள் அவருக்குத் துஆச் செய்து, ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா அளிக்குமாறு பணித்தார்கள். மதீனாவின் தலைவரும் அல்லாஹ்வின் தூதருமாகிய பெருமானாருக்கே அந்த நிகாஹ் நடந்து முடிந்த பின்னர்த்தான் தெரியவந்தது. முன்னதாக ஏன் கேட்கவில்லை என்று அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. வலீமாவை வலியுறுத்தினார்கள், அதாவது, திருமணம் ஊரறிய விளங்க வேண்டும் என்று விரும்பினார்கள். தஃப் முழக்கி அறிவிப்பதும், விருந்தளிப்பதும், சாட்சிகளை நிறுத்துவதுமே அக்காலத்தின் பதிவு. ஊராரின் நினைவே அன்றைய ஏடு.

அந்த ஏடு எவ்வளவு நம்பத்தக்கதாக இருந்தது என்பதற்கு அபூதாவூதில் இடம்பெறும் ஒரு நிகழ்ச்சியைச் சுட்டலாம். உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் அறிவிப்பது அது. பெருமானார் (ஸல்) அவர்கள் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் தனித்தனியே கேட்டு, இருவரின் சம்மதத்தையும் பெற்று மணமுடித்து வைத்தார்கள். மஹர் எதுவும் அப்போது குறிக்கப்படவில்லை, கொடுக்கப்படவுமில்லை. மணமகனாகிய ஸஹாபிக்கு கைபரில் ஒரு பங்கு இருந்தது. மரணம் நெருங்கியபோது அவர் இருந்தவர்களைச் சாட்சியாக்கி, தம் கைபர்ப் பங்கினை அப்பெண்ணுக்கு மஹராக அளித்துவிட்டதாகக் கூறினார். அப்பெண்மணி அதனைப் பெற்று ஓர் இலட்சத்துக்கு விற்றார். எழுத்து இல்லை; ஆனால் இறையச்சம் இருந்தது, சாட்சிகளும் இருந்தனர். மனைவியின் உரிமை மறைந்து போகவில்லை.

எழுத்து வந்த காரணம்

அப்படியாயின் எழுத்து ஏன் வந்தது? திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், தவணையிட்ட கடனை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கிறது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் எனவும், சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படையலாகாது எனவும் அது அறிவுறுத்துகிறது. மஹரை உடனே கொடுத்துவிட்டால் கடன் எதுவுமில்லை. கொடாமல் தவணையிட்டால் அது கணவன்மீது கடனாக நிற்கிறது. திருமணத்துக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு இங்கேதான் தொடங்குகிறது.

ஹிஜ்ரி 728-இல் மறைந்த இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் தம் ஃபத்வாக்களில் இந்த வரலாற்றைச் சுருக்கமாகவும் தெளிவாகவும் எடுத்துரைக்கிறார்கள். ஸஹாபாக்கள் மஹரைத் தவணையிடாமல் உடனே அளித்து வந்தமையால் மஹர் ஆவணங்களை எழுதவில்லை. பிற்கால மக்கள் தவணையிடத் தொடங்கி, காலம் நீண்டு மறதியும் புகுந்தபோது, தவணை மஹரை எழுதலாயினர். அந்த எழுத்தே மஹருக்கும், அவள் அவனுடைய மனைவி என்பதற்கும் சான்றாயிற்று என்பது அவர்கள் கருத்தின் சாரம். திருமண ஆவணம் மனைவிக்குரிய கடனைக் காக்கவே பிறந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் கூற இயலாது. ஊரின் அதிகாரத்தை நிலைநாட்டுவதற்காக அது பிறக்கவில்லை.

எகிப்தின் மணலில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகள் இக்கூற்றுக்குத் துணைநிற்கின்றன. அடால்ஃப் குரோமன் என்னும் ஆஸ்திரிய அறிஞர் கெய்ரோ நூலகத்து அரபுப் பாப்பிரஸ்களை 1934 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அவற்றுள் ஹிஜ்ரி 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருமண ஒப்பந்தங்களும் உள்ளன. மஹர் எவ்வளவு, உடனே தரப்பட்டது எவ்வளவு, தவணையிட்டது எவ்வளவு என்பன அவற்றில் விளக்கமாக எழுதப்பட்டுள்ளன. சாட்சிகளின் பெயர்கள் வரிசையாக அமைந்துள்ளன. அவை தலைநகரத்துச் செல்வர்களின் ஆவணங்கள் மட்டுமல்ல. மேல் எகிப்தின் உள்ளூர்களில் வாழ்ந்தோரின் ஆவணங்களும் அவற்றில் உண்டு. இவ்வாறு எழுதுவதற்கென்றே 'ஷுரூத்' என்னும் தனிக் கலை வளர்ந்தது. ஹிஜ்ரி 321-இல் மறைந்த இமாம் தஹாவீ (ரஹ்) அவர்கள் அத்துறையில் நூல் இயற்றியோருள் முதன்மையானவர்.

நம் நாட்டிலும் இம்மரபு தழைத்தது. குஜராத்தின் சூரத் துறைமுகத்தைச் சேர்ந்த 17-ஆம் நூற்றாண்டு நிகாஹ் ஆவணங்கள் வரலாற்றாய்வாளர்களால் வெளிக்கொணரப்பட்டுள்ளன. மனைவி இருக்க மற்றொருத்தியை மணப்பதில்லை, அடிப்பதில்லை, செலவுக்குக் கொடாமல் நெடுநாள் பிரிந்திருப்பதில்லை, அடிமைப் பெண்ணைக் கொள்வதில்லை என்னும் நிபந்தனைகள் அவற்றில் காணப்படுகின்றன. கடல் வணிகர் மிகுந்த ஊரில், கணவன் பல மாதம் கடல் கடந்து தங்கும் நிலையில், அந்த ஆவணம் மனைவியின் கைக் கேடயமாக இருந்தது.

நவீன அரசுகள் எழுந்தபோதும் இந்த அடிப்படை மாறவில்லை. 1917-ஆம் ஆண்டின் உஸ்மானியக் குடும்பச் சட்டம் நிகாஹைப் பதிய ஏற்பாடு செய்தது. எகிப்தின் 1931-ஆம் ஆண்டின் 78-ஆம் சட்டம், அதிகாரபூர்வ ஆவணம் இல்லாத திருமணம் மறுக்கப்படுமாயின் அதுபற்றிய வழக்கை நீதிமன்றம் விசாரியாது என்று விதித்தது. பதியாத நிகாஹ் செல்லாது என்று அச்சட்டம் கூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அல்லாஹ்விடம் நிகாஹ் நிகாஹ்தான்; காஜியிடம் வழக்காட மட்டும் ஏடு வேண்டும். இதற்கு நேர்மாறானது 1753-ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டம். அரசு விதித்த முறையில் திருச்சபையில் நடைபெறாத திருமணம் செல்லாது என்றே அது கூறியது. யூதருக்கும் குவாக்கர் பிரிவினருக்கும் விலக்களித்தது. இரு மரபுகளுக்கும் இடையேயுள்ள இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்தி மேலே செல்வோம்.

காஜி பதவியும் கிராமத்துத் தப்தரும்

முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் காஜிகள் அரசு ஸனதின்படி அமர்த்தப்பட்டனர். வழக்கு விசாரணையுடன் நிகாஹ் நடத்துதலும், ஆவணங்களுக்கு முத்திரை இடுதலும் அவர்களின் பணியாயின. கம்பெனியார் ஆட்சியிலும் இப்பதவி தொடர்ந்தது. 1864-ஆம் ஆண்டின் 11-ஆம் சட்டம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. காஜிகளை அரசு நியமிப்பது பொருந்தாது என்று அச்சட்டம் அறிவித்தது.

நியமனம் நின்றதும் குழப்பம் தோன்றியது. நிகாஹ்களில் அரசு நியமித்த காஜி இருக்க வேண்டும் என்னும் வழக்கம் பல பகுதிகளில் வேரூன்றியிருந்தது. அதன் விளைவே 1880-ஆம் ஆண்டின் 12-ஆம் சட்டமாகிய காஜிகள் சட்டம். அச்சட்டம் முதற்கண் நடைமுறைக்கு வந்தது நம் சென்னை மாகாணத்தில்தான் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. ஒரு பகுதியின் முஸ்லிம்களில் கணிசமானோர் வேண்டினால், முதன்மையான முஸ்லிம் பிரமுகர்களைக் கலந்து அரசு காஜியை நியமிக்கலாம்; காஜி தமக்கு நாயிபுகளை அமர்த்திக்கொள்ளலாம்.

எனினும் அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு கருத்தூன்றிப் படிக்கத்தக்கது. இச்சட்டத்தால் காஜிக்கு நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ கிடைப்பதில்லை. எந்த நிகாஹிலும் காஜியின் வருகை கட்டாயமாவதில்லை. வேறெவரும் அப்பணியைச் செய்வதற்குத் தடையுமில்லை என்று அது மூன்று வேலிகளை இட்டது. 2017 ஜனவரியில் தலாக் குறித்துக் காஜிகள் வழங்கும் சான்றிதழ்கள் கருத்துரைகளே என்று சென்னை உயர்நீதிமன்றம் கூறியபோதும் இப்பிரிவே பேசுபொருளாயிற்று. அரசு காஜியை அளித்தது, அதிகாரத்தை அளிக்கவில்லை. பதிவேட்டு முறை ஒன்றையும் அச்சட்டம் வகுக்கவில்லை. அதற்கு நான்காண்டுகள் முன்னரே, 1876-இல், வங்காளத்தில் முஸ்லிம் திருமணப் பதிவுக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அங்குப் பதிவு விருப்பத்தைப் பொறுத்ததாயினும், பதிவாளரும் புத்தகமும் இருந்தனர்.

இந்த இடைவெளியைச் சென்னை மாகாணத்தின் சிற்றூர்களில் நிரப்பியது ஜமாஅத். காஜி பெருநகரங்களில் இருந்தார். ஊரிலோ லெப்பையும் கத்தீபும் இருந்தனர். அவர்களே நிகாஹ் நடத்தினர். பள்ளிவாசலில் ஒரு புத்தகம் வைத்து எழுதினர். ஹிஜ்ரித் தேதி, மணமக்கள் பெயர், தந்தையர் பெயர், வலீ, வக்கீல், இரு சாட்சிகள், மஹர் என்பனவே அதன் பத்திகள். பழைய ஏடுகளில் அரபுத்தமிழ் எழுத்தும் தமிழெழுத்தும் கலந்து வரும். எந்த அரசும் பணிக்காமல், எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமல், ஒரு சமுதாயம் தானாகவே தலைமுறை தலைமுறையாக எழுதிக் காத்த ஆவணத் தொகுதி இது. இதன் வரலாற்று மதிப்பை நாம் இன்னும் உணர்ந்தோமில்லை. எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் கொள்வினை கொடுப்பினை இருந்தது, மஹர் எப்போது பொன்னாகவும் எப்போது ரூபாயாகவும் குறிக்கப்பட்டது, எந்தப் பெயர்கள் வழக்கில் இருந்தன என்பனவற்றையெல்லாம் இந்த ஏடுகளை விட்டால் வேறெங்கே தேடுவது?

கடல் கடந்த ஏடுகள்

தமிழ் முஸ்லிம்கள் ஸபர் சென்று வாழ்ந்த நாடுகளில் பதிவு முறை வேறு வழியில் வளர்ந்தது. இலங்கையில் 1806-ஆம் ஆண்டிலேயே முஸ்லிம்களின் திருமணம், வாரிசுரிமை பற்றிய சட்டத்தொகுப்பு வெளியிடப்பட்டது. 1886-இல் திருமணப் பதிவுக்கான கட்டளைச் சட்டமும், 1929-இல் திருமணம், விவாகரத்துப் பதிவுக்கான விரிவான சட்டமும் இயற்றப்பட்டன. பின்னது 1937-இல் நடைமுறைக்கு வந்தது. இன்றுள்ளது 1951-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டம். 1954-இல் அது செயற்பாட்டுக்கு வந்தது. நாம் காஜி என்பவரை அங்கே காதி என்பர். காதி நீதிமன்றம் என்பது அங்கு ஊரறிந்த சொல்.

அச்சட்டம் நிகாஹைப் பதியும் கடமையை மணமகன், வலீ, நிகாஹ் நடத்தியவர் ஆகியோர்மீது சுமத்துகிறது. அதேவேளையில், பதிவு செய்ததாலோ செய்யாததாலோ மட்டும் ஒரு திருமணம் செல்லுபடியாவதோ செல்லாமற்போவதோ இல்லை என்றும் வெளிப்படையாகக் கூறுகிறது. ஃபிக்ஹின் நிலையும் ஏட்டின் தேவையும் ஒருங்கே பேணப்பட்டிருப்பதை இதில் காண்கிறோம். மணமகளின் கையொப்பத்துக்குப் பதிவில் உரிய இடம் அளிக்கப்படவில்லை என்னும் குறை அங்கே நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. அவ்விவாதம் நம் ஊர்களுக்கும் பொருந்தும்.

சிங்கப்பூரும் பினாங்கும் மலாக்காவும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில், நம் காஜிகள் சட்டம் பிறந்த அதே 1880-ஆம் ஆண்டில் முஸ்லிம் திருமணச் சட்டம் வந்தது. ஆனால் அது காஜியுடன் பதிவேட்டையும் சேர்த்தே ஏற்படுத்தியது. ஒரே ஆண்டில், ஒரே பேரரசின் இரு கரைகளில், இரு வேறு ஏற்பாடுகள். ஒரு தமிழ் முஸ்லிம் பினாங்கில் செய்துகொண்ட நிகாஹுக்கு அரசின் ஏட்டில் இடம் இருந்தது. அவர் சொந்த ஊரில் செய்துகொண்ட நிகாஹுக்குப் பள்ளிவாசல் அலமாரியில் இருந்த புத்தகமே துணை.

இசைவுக் கடிதமும் அதன் நிழலும்

இனி, முன்னே வரும் கடிதத்தைப் பார்ப்போம். மணமகன் யார், முன்னரே மணமானவரா, அவர்மீது தீராத வழக்கு உண்டா என்பதை அவருடைய சொந்த மஹல்லா அறியும். பெண்ணின் ஊர் அறியாது. ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு குடும்பம் வைத்து வாழ்ந்தோரும் இருந்த காலத்தில், பெண் வீட்டாரை ஏமாற்றத்திலிருந்து காத்தது இந்தக் கடிதம். இதன் தொடக்கம் நல்லெண்ணம் என்பதில் ஐயமில்லை. மஸ்லஹத் என்னும் பொதுநன்மையின் அடிப்படையில் இத்தகைய ஏற்பாட்டுக்கு ஃபிக்ஹில் இடமும் உண்டு.

ஆனால் காப்பதற்காக வந்த கதவு அடைப்பதற்கும் பயன்படும். சந்தா பாக்கி, தேர்தல் பகை, பள்ளிவாசல் கணக்குத் தகராறு, கொள்கை வேறுபாடு ஆகிய காரணங்களுக்காக இசைவுக் கடிதம் மறுக்கப்படுவதும், அதனினும் கொடிதாக, நிகாஹ் தப்தரையே தர மறுப்பதும் நம் ஊர்களில் நடந்திருக்கின்றன. காவல் நிலையம், வக்ஃபு வாரியம், நீதிமன்றம் வரை இத்தகைய பிணக்குகள் சென்றுள்ளன. தந்தை செய்த பிழைக்கு மகளின் நிகாஹ் ஏட்டில் ஏறாமற்போவது எந்த ஷரீஅத்தின் நீதி?

இவ்வகைத் தீங்கு நம்மிடம் மட்டும் காணப்படுவதன்று. அமெரிக்க நாட்டில் திருமண அனுமதி வழங்குவதும் பதிவைக் காப்பதும் பெரும்பாலும் கவுண்டி எனப்படும் உள்ளூர் ஆட்சிப் பிரிவுகளின் பொறுப்பில் உள்ளன. மணமக்கள் முதலில் கவுண்டி எழுத்தரிடம் உரிமச்சீட்டுப் பெறுவர். திருமணம் நடத்தியவர் அதில் ஒப்பமிட்டுத் திருப்பி அனுப்புவார். அது ஏட்டில் ஏறும். நம் ஊரின் இசைவுக் கடிதத்தையும் தப்தரையும் போன்ற ஏற்பாடே இது. வர்ஜீனியா மாநிலத்தின் கிராமப்புறக் கவுண்டிகளில் இந்த இரண்டு எழுத்துகளும் எத்தகைய இரு முகங்களைக் காட்டின என்பது நமக்குப் பாடமாகும்.

அங்கே அடிமைகளாக வாழ்ந்த கறுப்பின மக்களின் திருமணத்தைச் சட்டம் ஏற்றதில்லை. எசமான் விரும்பினால் கணவனை ஓரிடத்திலும் மனைவியை மற்றோரிடத்திலும் விற்கலாம். உள்நாட்டுப் போர் முடிந்து, 1866 பிப்ரவரி 27 அன்று வர்ஜீனியாச் சட்டமன்றம், கணவன் மனைவியராகச் சேர்ந்து வாழ்ந்து வந்த அம்மக்களின் திருமணங்களை ஏற்றுக்கொண்டது. விடுதலை பெற்றோருக்கான அரசுப் பணியகம் கவுண்டி கவுண்டியாக ஏடு திறந்தது. கணவன் பெயர், வயது, பிறந்த இடம், தொழில், கடைசி எசமானின் பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், எப்போது முதல் சேர்ந்து வாழ்கின்றனர் என்பன எழுதப்பட்டன. அதுவரை ஊரறிந்தும் சட்டமறியாதிருந்த குடும்பங்கள் அந்த ஏட்டால் குடும்பங்களாயின. அவற்றுள் எஞ்சியவற்றில்தான் இன்று அவர்களின் சந்ததியினர் தம் முன்னோரைத் தேடிக் காண்கின்றனர்.

அதே மாநிலத்தில் 1924-ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மணந்துகொள்வதைத் தடுத்தது. கரோலைன் என்னும் கிராமப்புறக் கவுண்டியைச் சேர்ந்த ரிச்சர்ட் லவிங், மில்ட்ரெட் ஆகியோருக்கு உள்ளூரில் அனுமதி கிடைக்க வழியில்லை. 1958 ஜூனில் அவர்கள் வாஷிங்டன் நகரில் மணந்து ஊர் திரும்பினர். சில வாரங்களில் நள்ளிரவில் கைது செய்யப்பட்டனர். 25 ஆண்டுகள் இணைந்து மாநிலத்துக்குள் வரலாகாது என்னும் நிபந்தனையில் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. 1967 ஜூன் 12-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கும் வரை அந்நிலை நீடித்தது. அதே மண்ணில் பதிவு என்பது பறிக்கப்பட்ட கண்ணியத்தை மீட்டுத் தந்தது. அனுமதி என்பது கண்ணியத்தைப் பறிக்கும் கருவியாயிற்று. ஏட்டையும் இசைவையும் ஒன்றெனக் கொள்ளலாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஏடு இல்லாதவளின் நிலை

ஏட்டின் அருமை கணவன் உயிரோடு இருக்கையில் தெரிவதில்லை. அவன் மறைந்த பின்னரே தெரிகிறது. பிரிவி கவுன்சில் 1924-இல் தீர்ப்பளித்த மைனா பீபி வழக்கு இத்துறையில் புகழ்பெற்றது. கணவர் 1890-இல் இறந்தார், மஹர் கொடுபடவில்லை, விதவை சொத்துகளைத் தம் கைவசம் வைத்துக்கொண்டார். வாரிசுகள் வழக்குத் தொடுத்தபோது, 25,000 ரூபாய்க்கும் மேற்பட்ட தொகையைச் செலுத்திவிட்டுச் சொத்தைப் பெறுமாறு நீதிமன்றம் கூறியது. அவர்கள் செலுத்தவில்லை, விதவையின் கைவசமே நீடித்தது. பின்னர் அவர் அச்சொத்தைப் பிறருக்குத் தானமளித்தபோது, மஹர் கடன் தீரும்வரை கைவசம் வைத்திருக்கும் உரிமையே அவருக்கு உண்டு, உடைமையுரிமை இல்லை என்று பிரிவி கவுன்சில் வரையறுத்தது. சட்ட மாணவர் இவ்வழக்கை அந்த வரையறைக்காகப் படிப்பர். நாம் காண்பது வேறு: மஹர் நிலைநாட்டப்பட்டதால்தான் ஒரு விதவை ஆண்டுக்கணக்கில் தன் வீட்டு வாசலில் உறுதியாக நிற்க முடிந்தது. மஹரை மெய்ப்பிக்க இயலாத விதவைக்கு அந்த வாசலும் இல்லை.

2006 பிப்ரவரி 14-இல் சீமா வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம், எல்லாச் சமயத்தாரின் திருமணங்களையும் பதிய மாநிலங்கள் விதி செய்ய வேண்டும் எனப் பணித்தது. அதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் வந்தது. திருமணம் நடந்த 90 நாள்களுக்குள் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். அதன்பின் 60 நாள்கள் வரை கூடுதல் கட்டணத்துடன் பதியலாம். அப்போது நம் சமுதாயத்தில் எழுந்த தயக்கம் பெரிது. ஜமாஅத் தப்தரே போதாதா, ஷரீஅத்தில் இது தலையீடு ஆகாதா என்றெல்லாம் கேட்கப்பட்டது. நாம் மேலே கண்ட வரலாறு அத்தயக்கத்துக்கு விடை தருகிறது. பதிவு ருக்னு அன்று. ஆயின் கடனை எழுதுமாறு திருமறை பணித்ததன் நீட்சி. அரசுப் பதிவு தப்தரின் இடத்தைப் பறிப்பதன்று. பள்ளிவாசல் தரும் நிகாஹ் சான்றே அங்கே முதல் ஆதாரமாக முன்வைக்கப்படுகிறது. அதனால் தப்தரின் பொறுப்பு கூடியிருக்கிறதே அன்றிக் குறையவில்லை.

பழைய பதிவைத் தேடுவோருக்கு

வாரிசுச் சான்று, குடும்ப ஓய்வூதியம், கடவுச்சீட்டு, அயல்நாட்டு விசா என ஏதேனும் ஒரு தேவை வரும்போதே மக்கள் பழைய நிகாஹ் பதிவைத் தேடி அலைகின்றனர். அவர்களுக்குச் சில குறிப்புகள் பயன்படும்.

முதலாவது, நிகாஹ் நடந்த இடம் எது என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். மணமகன் ஊரில் தேடிப் பயனில்லை என்று சோர்ந்தோர் பலர், பெண் ஊரின் தப்தரில் கண்டடைவர். இரண்டாவது, தேதியைப் பற்றிய எச்சரிக்கை. ஹிஜ்ரி நாள் மாலையில் தொடங்குகிறது. நம் வழக்கில் வெள்ளி இரவு எனப்படுவது நாள்காட்டியில் வியாழன் இரவு. இரவில் நடந்த நிகாஹைத் தேடும்போது ஒரு நாள் முன்பின்னாகப் பார்க்க வேண்டும். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவாதலால், நாள் மாற்றத்தை மனக்கணக்காகச் செய்தல் கூடாது. மூன்றாவது, பெயர். அழைக்கும் பெயர் ஒன்று, தப்தரில் உள்ள பெயர் ஒன்று, குடும்ப அட்டையில் உள்ள பெயர் ஒன்று என இருப்பது நம்மிடையே மிகுதி. தந்தை பெயர், வலீ, சாட்சிகள் ஆகியவற்றைக் கொண்டே ஆளை உறுதிப்படுத்த வேண்டும். நான்காவது, எழுத்து. அரபுத்தமிழ் ஏட்டைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் இல்லையெனில், அருகிலுள்ள அரபுக் கல்லூரியை நாடலாம். இறுதியாக, புத்தகம் பள்ளிவாசலில் இல்லையெனில் அது அழிந்துவிட்டதென முடிவு செய்யலாகாது. முன்னாள் முத்தவல்லி, முன்னாள் இமாம் ஆகியோரின் வீட்டுப் பெட்டிகளில் அது உறங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

ஜமாஅத்தினர் செய்ய வேண்டுவன

தப்தர் ஓர் அமானிதம். அது முத்தவல்லியின் உடைமையும் அன்று, நிர்வாகக் குழுவின் ஆயுதமும் அன்று. அதில் பெயரெழுதப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும், இன்னும் பிறவாத அவள் பேரப்பிள்ளைகளுக்கும் அதில் உரிமை உண்டு. எனவே சிலவற்றை வலியுறுத்த விரும்புகிறோம்.

இசைவுக் கடிதம் பற்றிய பிணக்கு எதுவாயினும், நிறைவேறிய நிகாஹை ஏட்டில் எழுத மறுக்கலாகாது. சந்தா பாக்கியை வேறு வழியில் வசூலிக்கலாம். ஒரு பெண்ணின் சான்றைப் பிணையாக வைத்து வசூலிக்கலாகாது. மஹரைத் தொகையாகவும் எழுத்தாகவும் குறிப்பதுடன், கொடுக்கப்பட்டதா, தவணையா என்பதையும் தெளிவாக எழுத வேண்டும். பல ஊர்களில் மஹர் வெறும் சடங்குத் தொகையாகிவிட்டது. கைக்கூலியோ ஏட்டில் ஏறாமல் இலட்சங்களில் கைமாறுகிறது. எழுதப்பட வேண்டியது எழுதப்படாமலும், நடக்கக்கூடாதது எழுதாமலே நடந்தும் வருகிறது. மணமகளின் கையொப்பத்தையும் பெற்று, பதிவின் படி ஒன்றை அவள் கையிலேயே கொடுக்க வேண்டும். மாமனார் வீட்டு அலமாரியில் இருக்கும் படியால் அவளுக்குப் பயனில்லை. பழைய ஏடுகளை ஒளிப்படமெடுத்து இரு வேறு இடங்களில் பாதுகாக்க வேண்டும். நிர்வாகம் மாறும்போது சாவியையும் கணக்கையும் ஒப்படைப்பது போலவே தப்தர்களையும் எண்ணி, ஒப்பமிட்டு ஒப்படைக்க வேண்டும்.

எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கிழைக்கலாகாது என்று முன்கூறிய அதே வசனம் எச்சரிக்கிறது. அவ்வெழுத்தினால் காக்கப்பட வேண்டியவளுக்குத் தீங்கிழைப்பது அதனினும் பெரிய குற்றம் அன்றோ! நம் முன்னோர் எவரும் கட்டாயப்படுத்தாமலே எழுதி வைத்துச் சென்ற ஏடுகளை அவர்கள் எழுதிய நோக்கத்துக்கே உரியனவாகக் காத்துப் பின்வருவோரிடம் சேர்ப்போமாக. அதற்கு வல்ல அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக.